முய் தாயில் தடுக்கக் கற்பது: புதிதாகச் சேர்பவர்களுக்கான வழிகாட்டி

முய் தாய் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே உதைக்கச் சொல்லித் தருவார்கள். கைமுட்டி இரண்டு, முழங்கை இரண்டு, முழங்கால் இரண்டு, கணைக்கால் இரண்டு என்று எட்டு இடங்களால் அடிக்கிற தாய்லாந்துச் சண்டைக் கலை அது. வருகிறவர்களும் அடிக்கக் கற்கத்தான் வருகிறார்கள். தடுப்புக்கு "கையைத் தூக்கு", "காலைத் தூக்கு" என்று இரண்டு சொல் கிடைத்தால் பெரிது. நான் போன இடத்திலும் அப்படித்தான். எந்த அடிக்கு எந்தத் தடுப்பு, எதை முதலில் பழகுவது, எப்போது ஸ்பாரிங்கில் (இருவர் மோதிப் பழகும் பயிற்சியில்) இறங்கலாம், அதற்கு முன் கையில் என்னென்ன தாள் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் பலரிடம் கேட்டு, தாங்கித் தாங்கி நடந்த காலோடு அலைந்துதான் ஒரு வரிசைக்குக் கொண்டுவர முடிந்தது. அந்த வரிசையை இங்கே தருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கலையில் தடுப்பதும் திருப்பி அடிப்பதும் ஒரே அசைவின் இரண்டு பாதிகள். தடுத்து முடிக்கும்போது இரண்டு காலும் தரையில் உறுதியாக ஊன்றி, நீங்கள் உடனே அடிக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அடி படாமல் தப்பித்தும் தடுமாறி நின்றால், அடுத்த அடி நிச்சயம் படும். கீழே வரும் ஒவ்வொரு தடுப்பையும் இதை வைத்தே அளந்து பாருங்கள்.

1. சேரும் முன் தாள்களைச் சரிசெய்யுங்கள்

பயிற்சிக்கூடம் கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் ஒரு உடற்தகுதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். "உடற்பயிற்சிக்குச் சான்று வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், தலையில் அடி படக்கூடிய விளையாட்டு என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். இதயக் கோளாறு, இரத்த அழுத்தம், வலிப்பு, மயக்கம் போட்டு விழுந்தது, முன்பு தலையில் பட்ட காயம், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கண்ணில் செய்த அறுவை சிகிச்சை, இவற்றில் எதையும் மறைக்கக் கூடாது. கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பாரிங் செய்ய முடியும். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சேரும்போது ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், ஒரு நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். காயம் பட்டால் முதலுதவி யார் செய்வார், மருத்துவமனைக்கு யார் கூட்டிப்போவார் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் சேர வேண்டாம். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து தேவைப்படும்.

காப்பீட்டில் பலர் ஏமாறுகிறார்கள். மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் பல பாலிசிகளில் மோதல் விளையாட்டுக் காயங்களுக்கு விலக்கு இருக்கும், அதுவும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். முய் தாய் என்று பெயர் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கட்டணத்தை மாதாமாதம் கட்டுங்கள். ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி என்பார்கள். கணைக்காலிலோ விலா எலும்பிலோ ஒரு காயம் பட்டால் சில வாரம் போக முடியாது, கட்டிய பணம் அப்படியே போகும். சேருமுன் ஒரு ஸ்பாரிங் வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அனுபவமுள்ளவர் புதியவரோடு மோதும்போது வேகத்தைக் குறைக்கிறாரா என்று கவனியுங்கள். அந்த இடத்தைப் பற்றி வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

2. பணத்தை எதில் போடுவது

முதல் செலவு மவுத்கார்டு, அதாவது பல் கவசம். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கிற வகையே தொடக்கத்துக்குப் போதும். பல்லில் கம்பி போட்டிருப்பவர்கள் மட்டும் பல் மருத்துவரிடம் செய்துகொள்வது நல்லது. அடுத்து கைக்கட்டுத் துணி. 4.5 மீட்டர் நீளமுள்ளதாக இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒன்று காயும்போது மற்றது உதவும். ஆண்கள் பிறப்புறுப்பைக் காக்கும் இடுப்புக் கவசம் இல்லாமல் எந்த இருவர் பயிற்சியிலும் நிற்கக் கூடாது.

கிளவுஸ் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் ஸ்பாரிங்குக்கானதை வாங்குங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 16 அவுன்ஸ், உடல் சிறியவர்களுக்கு 14 அவுன்ஸ். ஷின் கார்டு, அதாவது கணைக்கால் கவசம், பாதத்தின் மேற்புறத்தையும் மூட வேண்டும், உதைக்கும்போது சுழன்று பக்கவாட்டில் போகக் கூடாது. கடையில் போட்டுக்கொண்டு பத்து முறை முழங்காலைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மலிவானவை பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் தோற்கும்.

தலைக்கவசத்தை நம்பித் தலையைக் கொடுக்காதீர்கள். தோல் கிழிவதையும் வீக்கத்தையும் அது குறைக்கும், மூளை உள்ளே குலுங்குவதைத் தடுக்காது. அமெச்சூர் குத்துச்சண்டையில் ஆண்களின் உயர்நிலைப் போட்டிகளிலிருந்து 2013-இல் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள். வண்ண ஷார்ட்ஸ், கணுக்கால் உறை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3. நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் இரண்டு வாரம் இதற்கே போகட்டும். குத்துச்சண்டையில் பக்கவாட்டாக, தாழ்ந்து நிற்பார்கள். இங்கே நிமிர்ந்து, இடுப்பு கொஞ்சம் நேராகப் பார்க்க நிற்க வேண்டும். பாதங்கள் தோள் அகலம், பின் குதிகால் லேசாகத் தூக்கி, முன் பாதத்தில் எடை குறைவாக. எந்த நேரமும் முன் காலைத் தூக்க முடிய வேண்டும், காரணம் அதுதான். கைகள் புருவ உயரத்தில், தாடை உள்ளே.

குத்துச்சண்டை பழகிவிட்டு வருபவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. குத்து வந்தால் குனிந்து விலகும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். நீங்கள் தலையைத் தாழ்த்துகிற இடத்துக்கு எதிராளியின் முழங்கால் மேலே வரும், அல்லது கணைக்கால் வரும். இடுப்பிலிருந்து குனிவதை முதல் ஆண்டு முழுக்கவே தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து.

4. எட்டத்தில் இருக்கும்போதே நிறுத்துங்கள்

நல்ல தடுப்பு அடி தொடங்கும் முன்பே நடக்கிறது. அதற்கான ஆயுதம் தீப், அதாவது முன்னால் தள்ளுகிற உதை. முதலில் முழங்காலை மார்பை நோக்கித் தூக்குங்கள், பிறகு இடுப்பை முன்னுக்குத் தள்ளிப் பாதத்தின் முன்பகுதியால் எதிராளியின் தொப்புள் அருகே தள்ளுங்கள். காலை நேராக மேலே வீசினால் அது தள்ளாது, உரசிக்கொண்டு மேலே போகும், பிடித்தும் விடுவார்கள். தள்ளியதும் காலை மடக்கி எடுத்து அதே இடத்தில் வையுங்கள்.

எதிராளி உங்களைத் தீப் செய்தால் ஒரு கையால் அவர் பாதத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, நீங்கள் மறுபுறம் ஒரு அடி நகர வேண்டும். கீழே போகும் கையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், மற்ற கை கன்னத்தை விட்டு இறங்காமல் இருப்பதுதான் முக்கியம். தீப் மாதிரி காட்டிவிட்டு முகத்தில் குத்துவது மிகப் பழைய தந்திரம்.

5. செக்: கணைக்காலால் தடுப்பது

அதிக நாள் எடுப்பதும், அதிகப் பலன் தருவதும் இதுதான். வலது காலால் எதிராளி உங்கள் தொடைக்கோ விலாவுக்கோ உதைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இடது முழங்காலைத் தூக்கி, கணைக்காலைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி, அவர் உதையை அதில் வாங்க வேண்டும். அவ்வளவுதான், ஆனால் சின்னச் சின்ன விஷயங்களில்தான் எல்லாம் இருக்கிறது.

முழங்கால் மேலே வந்து முழங்கையைத் தொட வேண்டும். நடுவே இடைவெளி இருந்தால் உதை அந்த இடைவெளி வழியாகவே விலாவுக்கு வரும். பாத விரல்களை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள், அப்போது கணைக்காலின் வெளிப்புறத் தசை இறுகும். உதை படும் இடம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கணைக்காலின் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும். எலும்பு தடித்திருப்பது அங்கேதான். கீழ்ப்பகுதியிலோ கணுக்காலிலோ வாங்கினால் காயம் உங்களுக்கு. முக்கியமாக, பின்னால் சாயாதீர்கள். ஒற்றைக்காலில் பின்னே சாய்ந்தவரை உதையே தள்ளி உட்கார வைத்துவிடும். எடையை ஒரு இழை முன்னே வையுங்கள்.

உதை வருவதை எப்படித் தெரிந்துகொள்வது? அவர் காலைப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பார்வை மார்பில் இருக்கட்டும். வட்ட உதைக்கு முன் அவருடைய முன் பாதம் வெளிப்பக்கமாகச் சாய்வாக ஒரு சிறு அடி எடுத்துவைக்கும், உதைக்கிற பக்கத்துத் தோள் இறங்கி அந்தக் கை கீழே வீசும். இந்த இரண்டையும் பயிற்சிப் பையை உதைக்கிற மற்றவர்களை ஓரமாக நின்று பார்த்தே பழகலாம். வகுப்பு முடிந்த பிறகு இதற்காகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

செக் செய்த காலைத் தரையில் வைக்கிற நொடியே உங்கள் முறை. எதிராளியின் உதைத்த கால் இன்னும் முழுதாக ஊன்றியிருக்காது. அந்த நேரத்தில் நீங்கள் உதைத்தால் அவரால் செக் செய்ய முடியாது. "தடு, வை, உதை" என்று மூன்றையும் ஒரே மூச்சில் பழகுங்கள். தடுத்துவிட்டு நின்று யோசிக்கிற பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவது கடினம்.

செக் எவ்வளவு வலிமையானது என்பதற்கு எல்லோரும் பார்த்த உதாரணம் உண்டு. 2013 டிசம்பரில் நடந்த யுஎஃப்சி (கலப்புத் தற்காப்புக் கலை) போட்டியில் கிறிஸ் வைட்மன் செக் செய்ய, உதைத்த ஆண்டர்சன் சில்வாவின் கால் எலும்பு முறிந்தது. 2021 ஏப்ரலில் அதே வைட்மன் யூரியா ஹாலை உதைக்க, ஹாலின் செக்கில் பட்டு வைட்மனின் கால் முறிந்தது. ஆகவே பயிற்சியில் செக் பழகும்போது இருவருமே ஷின் கார்டு போட வேண்டும், உதைப்பவர் தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, தோள் அசைந்ததற்கெல்லாம் காலைத் தூக்குவது. அதைக் கண்டுகொண்டவர் நீங்கள் ஊன்றியிருக்கும் காலை உதைப்பார். இரண்டு, எலும்பை இறுக்குகிறேன் என்று கணைக்காலில் பாட்டிலை உருட்டுவது, கட்டையால் தட்டுவது. எலும்பு மெதுவாகத்தான் உறுதியாகும், பயிற்சிப் பையைத் தொடர்ந்து உதைத்தாலே அது நடக்கும். முதல் சில வாரங்களில் வீக்கமும் கன்றிப்போவதும் இயல்பு. வலி ஒரே புள்ளியில் நின்று இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை என்றால், அல்லது நடக்கும்போதே வலித்தால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். படம் எடுத்துப் பாருங்கள்.

6. நடு உதையும் தலை உதையும்

விலாவுக்கு வரும் உதையைச் செக் செய்ய நேரமில்லை என்றால் இரண்டு கைகளையும் சேர்த்துக் கேடயம் மாதிரி வைத்து, உதை போகும் திசையிலேயே அரை அடி நகர்ந்து வாங்குங்கள். ஒற்றை முன்கையை நீட்டி நிறுத்த முயலவே கூடாது. முன்கை எலும்பு முறிவது இப்படித்தான். இன்னொன்றும் உண்டு: தாய்லாந்து முறையில் மதிப்பெண் போடும்போது, கையில் பட்ட உதையும் உதைத்தவருக்குச் சாதகமாகவே பார்க்கப்படலாம். கணைக்காலில் பட்ட உதைக்கு மதிப்பில்லை. கை என்பது கடைசி வழி.

தலைக்கு வரும் உதைக்குப் பின்னால் சாய்வது அழகான தடுப்பு, ஆபத்தானதும் கூட. இடுப்பை மட்டும் வளைக்காமல் பின் பாதத்தைப் பின்னே எடுத்துவைத்துச் சாயுங்கள், முன் கை நீண்டு முகத்துக்கு முன் இருக்கட்டும். உதை தாண்டிப் போனதும் உடல் தானாக முன்னே திரும்பும், அந்த வேகத்திலேயே நீங்கள் உதைக்கலாம். முய் தாய் வீரர்களான சமார்ட் பயகரூன், சோம்ராக் கம்சிங் ஆகியோரின் பழைய போட்டிக் காணொளிகளைத் தேடிப் பாருங்கள். சமார்ட் 1986-இல் குத்துச்சண்டையிலும் உலகப் பட்டம் வென்றவர். சோம்ராக் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் தாய்லாந்துக்கு முதல் தங்கம் வாங்கியவர். இருவருமே அடி படாமல் இருப்பதையே பார்ப்பவர்கள் கைதட்டுகிற ஒன்றாக ஆக்கியவர்கள். ஆனால் அவர்கள் கையைத் தொங்கவிடுவதைப் பார்த்து நீங்கள் தொங்கவிட வேண்டாம். கண்ணை அவர்கள் பாதங்களில் வையுங்கள்.

7. குத்தும் முழங்கையும்

ஜாப் (முன் கையால் நேராகக் குத்துவது) வந்தால் பின் கையின் உள்ளங்கையால் ஒரு சிறு தட்டு, அவ்வளவு போதும். கை முன்னே போய்த் தேடக் கூடாது, அடியை முகத்தருகே வரவிட்டுத் தட்டுங்கள். ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) வந்தால் முழங்கையை மடக்கிக் காதோடு ஒட்டிக்கொள்ளுங்கள். முழங்கை அடி வந்தால், ஒன்று, முழுதாக உள்ளே போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும், இல்லையென்றால் முன் கையை நீட்டி அவர் நெற்றியிலோ தோளிலோ வைத்து எட்டத்தில் நிறுத்த வேண்டும். நடுவே நின்றால் புருவம் கிழியும். பயிற்சியில் முழங்கை உறை இல்லாமல் முழங்கை வீசுபவரோடு ஸ்பாரிங் செய்ய மறுத்துவிடுங்கள்.

8. கிளிஞ்ச்: கட்டிப்பிடித்த நிலையில்

புதியவர்கள் மிக அதிகமாக அடி வாங்குவது இங்கேதான், மிகக் குறைவாகச் சொல்லித் தரப்படுவதும் இதுதான். வாரத்தில் ஒரு நாளாவது கிளிஞ்ச் மட்டுமே நடக்கும் கூடத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கவலை தீரும்.

முதல் விதி, தலையைக் குனியக் கூடாது. எதிராளி பிடரியைப் பிடித்து இழுக்கும்போது கழுத்தால் மல்லுக்கு நிற்காமல், இடுப்பை முன்னே கொண்டுபோய் அவர் இடுப்போடு ஒட்டுங்கள். முதுகு தானாக நிமிரும். முழங்காலை வீச அவருக்கு இடமும் இருக்காது. பயத்தில் இடுப்பைப் பின்னே இழுப்பதுதான் இயல்பாக வருவது, அப்படி இழுத்தால் முகமும் வயிறும் முழங்காலுக்கு நேராக வந்துவிடும்.

இரண்டாவது, கைகள் உள்ளே இருப்பவர் ஆள்கிறார். அவர் கை உங்கள் கழுத்தில் இருந்தால், உங்கள் கையை அவருடைய இரு முன்கைகளுக்கு நடுவே கீழிருந்து நுழைத்து மேலே கொண்டுபோய் அவர் கழுத்தைப் பிடியுங்கள். ஒரு கை, பிறகு மறு கை. இதை அடியில்லாமல் 3 நிமிடச் சுற்றுகளாக மட்டும் பழகுங்கள். தொடக்கத்தில் இரண்டாவது சுற்றிலேயே தோள் எரியும். மூன்றாவது, அவர் முழங்காலைத் தூக்குகிற கணம் அவர் ஒற்றைக்காலில் இருக்கிறார். அந்தக் கணத்தில் ஒரு பாதத்தைப் பின்னே சுழற்றிவைத்து, அவர் கழுத்தை அந்தப் பக்கம் இழுங்கள். பலமே வேண்டாம், அவரே சுற்றிப் போவார்.

கழுத்து வலி முதல் மாதம் இருக்கும். கை மரத்துப்போனாலோ, வலி தோளிலிருந்து விரல் வரை ஓடினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

9. ஸ்பாரிங்குக்கு எப்போது போகலாம்

வாரம் மூன்று நாள் பயிற்சி என்றால், இரண்டு மாதமாவது ஆகட்டும். அதற்குள் "வா, இறங்கு" என்று யாராவது கூப்பிட்டால் மறுப்பதில் எந்தத் தவறும் இல்லை. நாட்களை எண்ணுவதை விட இந்த வரிசையை முடித்தீர்களா என்று பாருங்கள். முதலில் பயிற்சித் துணைவர் ஒரே ஒரு அடியை மட்டும், சொல்லிவிட்டு அடிக்கிறார். நீங்கள் தடுத்துத் திருப்பி அடிக்கிறீர்கள். அடுத்து இரண்டில் ஒன்றை, சொல்லாமல் அடிக்கிறார். பிறகு அவர் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம், நீங்கள் தடுப்பு மட்டும். கடைசியில்தான் இருவரும் சுதந்திரமாக. மூன்றாம் கட்டத்தில் ஒரு முழு 3 நிமிடச் சுற்றை மூச்சு வாங்காமல், கண்ணை மூடாமல் நிற்க முடிந்தால் நீங்கள் தயார்.

தாய்லாந்துக் கூடங்களில் ஸ்பாரிங் மெதுவாக, விளையாட்டாகவே நடக்கும். அடிக்கடி போட்டியில் இறங்குபவர்கள் பயிற்சியில் உடலைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். மெதுவான ஸ்பாரிங்கில்தான் தடுப்பைக் கண் படிக்கும். வேகமானதில் உடல் பதறும், பழைய பழக்கத்துக்கே ஓடும்.

தலையில் அடி பட்டபின் தலைவலி, குமட்டல், மங்கல், ஞாபகத் தடுமாற்றம், வழக்கமில்லாத தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. கோச் "ஒன்றுமில்லை" என்றாலும் முடிந்தது. மருத்துவர் அனுமதிக்கும் வரை ஸ்பாரிங் கிடையாது. திரும்புவதும் படிப்படியாகத்தான்: நடை, லேசான பயிற்சி, பயிற்சிப் பை, தொடாத பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு, அறிகுறி வந்தால் ஒரு படி கீழே.

10. போட்டிக்குப் பெயர் கொடுப்பதானால்

நடத்துபவரிடம் தேவையான தாள்களின் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். வழக்கமாக வயதுச் சான்று, மருத்துவச் சான்று, எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி இரத்தப் பரிசோதனைகள், போட்டிப் பதிவுப் புத்தகம் ஆகியவை இருக்கும். பெண்களிடம் கர்ப்பப் பரிசோதனையும் கேட்கலாம். பரிசோதனை முடிவு எவ்வளவு நாள் செல்லும் என்பது நடத்துபவரைப் பொறுத்து மாறும். மிக முன்பே எடுத்தால் காலாவதியாகும், கடைசி வாரம் எடுத்தால் முடிவு வராது. தேதியைக் கேட்டுவிட்டே ஆய்வகத்துக்குப் போங்கள்.

விதிகளையும் அப்போதே கேளுங்கள், உங்கள் தடுப்பு அதைப் பொறுத்தது. முழங்கை உண்டா, தலைக்கு முழங்கால் உண்டா, பிடித்த காலோடு எவ்வளவு நகரலாம், ஷின் கார்டு போடுவார்களா. தாய்லாந்து அரங்குகளில் வழக்கமாக 3 நிமிடங்கள் கொண்ட 5 சுற்றுகள், நடுவே 2 நிமிட ஓய்வு. அங்கே முன்னிலையில் இருப்பவர் கடைசிச் சுற்றில் பின்வாங்கித் தடுத்துக்கொண்டே நிற்பதை நடுவர்கள் குறையாகப் பார்ப்பதில்லை. தொடக்கநிலை அமெச்சூர் போட்டிகளில் சுற்றுகள் குறைவு, பின்வாங்கி நின்றால் தோற்றுக்கொண்டிருப்பதாகவே தோன்றும். ஒவ்வொரு தடுப்புக்கும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பதிலடி கொடுங்கள்.

எடை குறைக்கத் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள். உடலில் நீர் வற்றியவரின் கால் செக்குக்கு நேரத்தில் எழாது, தலைக்கும் ஆபத்து கூடும். முதல் போட்டிக்கு உங்கள் இயல்பான எடைப் பிரிவிலேயே பெயர் கொடுங்கள்.